அப்பா காதில் மாட்டிய ஹெட்போன்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில், ஒயர் செருகி ரெக்கார்ட் செய்யக்கூடிய கிதார் ஒன்றைப் பார்த்தேன். "ரெண்டு நாள் வீட்ல வச்சு வாசிச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா கொண்டாந்துருங்க" என்றார் கடைக்காரர்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் சும்மா வாசித்தால் அருமையாக இருந்தது. லேப்டாப்பில் இணைத்தாலோ தகரத்தைத் தட்டின மாதிரி சத்தம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

எதிரே அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் நூல் மில்லில் மெஷின்களுக்கு நடுவே நின்றவர், காது மந்தம். எங்கள் தெருவில் மில்லுக்குப் போன எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான் என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. என் வாசிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்ற கோபம் மட்டும் எனக்கு இருந்தது.

அந்த எரிச்சலில்தான், "இந்தத் தகர டப்பாவ நீங்களும் கேளுங்க" என்று ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். சத்தத்தை முழுசாகக் கூட்டி, லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் வாசித்தேன்.

பேப்பர் மடியில் இறங்கியது. என் விரல்களையே பார்த்தார். "ஏலே, இம்புட்டு நாளும் இதையா வாசிச்சுக்கிட்டு இருந்த?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

கிதாரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. அன்றைய ரெக்கார்டிங் இருக்கிறது. ஒயர் வழியாகக் கிதார் மட்டுமே பதிவானதால் அவர் குரல் அதில் கிடையாது. நடுவில் ஓரிடத்தில் என் விரல் தடுமாறுகிறது. அங்கேதான் அவர் பேசினார்.