முப்பத்திரண்டைக் கழித்த நாகலக்ஷ்மி

மாட்டுங்கா நாகலக்ஷ்மிக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயமில்லை, ஆச்சரியம்தான். அத்தனை பெரிய இயந்திரத்துக்கு வெறும் எண்தான் தெரியும். அது அடியா, மீட்டரா என்று ஒரு வார்த்தை கேட்காது. செம்பூரில் பாய்லர் செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், 1966இல் ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். ஃபோர்ட் பகுதியில் வாடகைக்குக் கிடைத்த கம்ப்யூட்டரில் கம்பெனியின் முறை சனிக்கிழமைதோறும் வரும்.

நாடே மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். பழைய ஃபாரன்ஹீட் எண்களையெல்லாம் ஒரே வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்து சென்டிகிரேடாக்கச் சொன்னாள். இயந்திரமும் சமர்த்தாகச் செய்தது. விடையைப் பார்த்த மேலாளர் ஜம்பு விழுந்து விழுந்து சிரித்தார். குழாய் வழியே போய்ச் சூடாக வேண்டிய தண்ணீர், எட்டு டிகிரி குளிர்ந்து வெளியே வந்திருந்தது.

"பாய்லருக்குள்ள ஐஸ் ஃபேக்டரி வெச்சுட்டியேம்மா! மறுபடியும் இப்படி வந்தா நீ டைப்ரைட்டருக்கே போயிடு."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாகலக்ஷ்மிக்கோ அவமானத்தைவிட, எங்கே தப்பு என்ற குடைச்சல்தான் அதிகம். சூத்திரம் சரி, இயந்திரத்துக்கு எண்களைச் சொல்லும் கார்டில் போட்ட துளைகளும் சரி.

அன்று சாயங்காலம் வீட்டில் மன்னி அம்மிணியின் குழந்தைக்கு ஜுரம். தெர்மாமீட்டரைத் திருப்பிப் பார்த்த மன்னி, "காலம்பறைக்கு இப்போ ரெண்டு டிகிரி ஜாஸ்தி" என்றாள். பழக்கதோஷத்தில் நாகலக்ஷ்மி மனசுக்குள் இரண்டிலிருந்து முப்பத்திரண்டைக் கழித்தாள். அப்படியே நின்றுவிட்டாள். ஏறின ஜுரம் இறங்கிப் போயிற்றே! ஜுரம் எவ்வளவு என்பது வேறு, எவ்வளவு ஏறியது என்பது வேறு. முன்னதில் மட்டும்தான் கழிக்க வேண்டும். அவளுடைய வரிசையில் இரண்டும் கலந்து கிடந்தன.

"குழந்தைக்கு உடம்பு கொதிக்கறது, உனக்கென்னடி சிரிப்பு?" என்று மன்னி கோபித்துக்கொண்டாள்.

மறுநாள் குழந்தைக்கு ஜுரம் விட்டது. நாகலக்ஷ்மிக்குத்தான் விடவில்லை. எண் வரிசைக்குத் துணையாக இன்னொரு வரிசை வைத்தாள். வெப்பநிலை என்றால் ஒன்று, ஏற்றம் என்றால் இரண்டு. வெப்பநிலையோடு ஏற்றத்தைக் கூட்டலாம். இன்னொரு வெப்பநிலையைக் கூட்டச் சொன்னால் இயந்திரம் நின்றுவிட வேண்டும்.

"ஒவ்வொரு நம்பருக்கும் ஜாதகமா?" என்று ஜம்பு கிண்டலடித்தார்.

சனிக்கிழமை இயந்திரம் பாதியில் நின்றது. ஒரு கார்டில் ஏற்றத்துக்கு நேரே ஒன்று என்று துளை போட்டிருந்தது நாகலக்ஷ்மியேதான். திருத்துவதற்குள் அவர்கள் முறை முடிந்துவிட்டது. கார்டு தப்பு என்று மட்டும் அச்சிட்டு வந்த தாளை, திங்கட்கிழமை ஜம்புவின் மேஜைமேல் வைத்தாள்.

"விடை வரலையா?"

"வரலை சார். தப்பான விடையும் வரலை."

ஜம்பு தாளை இரண்டு தரம் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"கார்டைத் திருத்திண்டு, வர சனிக்கிழமையும் நீயே போ."