கருகின முடிக்கு மறுபடியும் சூடு

வெள்ளிக்கிழமை எங்கள் அண்ணன் மகள் கௌசிக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் கொண்டை ஊசி குத்திப் பூ வைக்க வேண்டும்.

இவள் முடியோ தொட்டாலே ஒடிகிறது. தினமும் சூட்டு மிஷினால் இழுத்து இழுத்து நேராக்கினாள். அதற்கு மேல் தேன் கலர் வேறு. நான் வேலை பார்க்கிற நூல் மில்லில் கூட்டித் தள்ளுகிற கழிவுப் பஞ்சு இதைவிட அழகு.

"அத்தை, ராஜபாளையத்துல ஒரு பார்லர்ல சரி பண்ணுதாகளாம், வாங்க" என்று இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பார்லர்க்காரப் பெண் எதையோ தடவினாள். பிறகு பார்த்தால் கையில் அதே சூட்டு மிஷின்!

"ஏம்மா, இது எதுக்கு?"

"சூடு வச்சாத்தான்க்கா மருந்து உள்ள எறங்கும்."

"சூட்டுலதானம்மா கருகுச்சு? வெட்டுன அருவாளாலயே தையலும் போடுவியோ?"

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். இடுப்பு வரைக்கும் கருகருவென்று பின்னல்.

"நீ என்னம்மா போடுத?"

"தேங்காண்ணெதான்க்கா. இந்த மிஷினெல்லாம் எனக்கு ஒத்துக்கிடாது."

கௌசிக்கு முகம் சிவந்துவிட்டது. "அத்தை, கருகுனத வெட்டச் சொல்லுங்க. பூவாவது நிக்கட்டும்."

காதுக்குக் கீழே நாலு விரல் மிச்சம். வாசலில் மல்லிகை வாங்கி நானே ஊசி குத்தினேன்.

"ஏட்டி, தலைய ஆட்டு."

ஆட்டினாள். பூ விழவில்லை.

சம்பந்தியம்மா முடி எங்கே என்று கேட்டால், இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு நுனிமுடி வெட்டிப் பூமுடி கொடுத்தோம், வெட்டு கொஞ்சம் கூடிப்போச்சு என்று சொல்லப்போகிறேன். நம்புவார்களா? இல்லை, வேறு நல்ல பொய் யாரிடமாவது இருக்கிறதா?