மேலே தூக்கும் கைபிடி

தெமட்டகொடை ரயில் யார்டுக்குப் பின்னால்தான் ஸாலிஹின் பட்டறை. வேன், லொறி, பஸ் என்று முப்பத்து நான்கு வருடமாகக் கதவுகளோடு மாரடிக்கிறார். யாரிடமும் போய்த் தொழில் படித்தவரல்லர். பழுதான பூட்டுகளைப் பிரித்துப் பிரித்தே படித்தார். அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. கைபிடி பூட்டிய கதவைத் தன் கையால் நூறு தரம் திறந்து மூடிப் பார்க்காமல் ஒப்படைக்கமாட்டார். தொண்ணூற்றெட்டாவது தரம் இறுகினாலும் திரும்பக் கழற்றுவார். அந்த நூறு அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை, வெள்ளவத்தைக் கரவனில் கை வைக்கும்வரை.

கரவன் என்றால் ஜீப்புக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற சின்ன வீடு. ஓய்வுபெற்ற நில அளவையாளர் சிவபாதசுந்தரம் அதைப் பழையதாக வாங்கி, குடியிருக்கும் பிளாட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் நிறுத்தியிருந்தார். மனைவி அருந்ததிக்கு முதுகு சரியில்லை. வழியில் நிறுத்தி நிறுத்திப் படுத்தெழும்பினால்தான் நெடுந்தூரம் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மன்னாரில் அருந்ததியின் தங்கைக்கு அறுபதாவது பிறந்தநாள். ஆனால் அருந்ததி அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று நின்றார்.

காரணம் தெஹிவளையில் நடந்தது. வெள்ளோட்டம் பார்க்கப் போன அன்று, உச்சி வெயிலில், அருந்ததியை உள்ளே விட்டுக் கணவர் வெளியே இறங்கிப் போக, கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருந்த பொத்தானைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே கதவைத் தள்ள வேண்டும். புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் டைப் அடித்த விரல் அது. இப்போது மூட்டு மடங்காது. நாற்பது நிமிடம் அகப்பையால் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

ஸாலிஹ் முதலில் பொத்தானைக் கழற்றிவிட்டு, கீழே அழுத்தினால் திறக்கிற நீளமான கைபிடி ஒன்றைப் பூட்டினார். ஒரு விரலாலேயே திறக்கலாம். நூறு தரம் பார்த்தார், பிசகில்லை. அருந்ததி உள்ளே போய், திரும்பி இறங்குவதற்காகக் கைபிடியில் ஊன்றினார். கதவு சட்டென்று திறந்து அவரை வெளியே இழுத்தது. கீழே நின்ற கணவர் தாங்கிப் பிடித்திராவிட்டால் இடுப்பு முறிந்திருக்கும்.

"நானா, கதவு நல்லாத்தான் திறக்குது," என்றார் அருந்ததி ஸாலிஹிடம், மூச்சு வாங்கிக்கொண்டே. "நான் சாய்ஞ்சாலும் திறக்குது."

ஸாலிஹுக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. அடுத்த நாள் பஸ்ஸில் திரும்ப வந்து, தவறுதலாகத் திறக்காதபடி மேலே ஒரு கொண்டி போட்டார். கொண்டியை ஒரு கையால் பிடித்திருக்க, மற்றக் கையால் கைபிடியை அழுத்த வேண்டும். அதையும் நூறு தரம் பார்த்தார். அருந்ததி இரண்டு நிமிடம் நின்று முயன்று பார்த்துவிட்டு, உள்ளேயிருந்தே கேட்டார்:

"எனக்கு மூண்டாவது கையும் கிடக்கெண்டு நினைச்சீங்களோ?"

சிவபாதசுந்தரத்துக்குப் பொறுமை போய்விட்டது. "நான் நிக்கிறன்தானே. கூப்பிட்டா வந்து திறப்பன்."

"அண்டைக்கும் நிண்டனீங்கள்தான். இளநீர்க் கடையில, அரசியல் கதைச்சுக்கொண்டு."

மூன்றாவது கை என்று ஏன் சொன்னார்? ஸாலிஹுக்கு எரிச்சலாக இருந்தது. கொண்டிக்கு ஒன்று, கைபிடிக்கு ஒன்று, கணக்குச் சரிதானே. கொண்டியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, இன்னும் ஒரே ஒருதரம் இறங்கிக் காட்டச் சொன்னார். இந்த முறை கதவைப் பார்க்கவில்லை, அருந்ததியைப் பார்த்தார். கதவைத் தொடுவதற்கு முன்பே அவருடைய இடது கை கீழே போய்ச் சேலைக் கொசுவத்தை அள்ளிப் பிடித்தது. படியிறங்கிக் கால் நிலத்தைத் தொடும்வரை விடவில்லை. காற்சட்டையோடு நூறு தரம் திறந்தவனுக்கு இது எங்கே தெரியும் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மிஞ்சியது ஒரு கை. அந்த ஒரு கைதான் ஊன்றவும் வேண்டும், திறக்கவும் வேண்டும்.

மூன்று நாள் பட்டறையில் வேறு வேலை எதையும் தொடவில்லை. இரண்டு கம்பிகளை வளைத்துப் பார்த்து, சரிவராமல் எறிந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், வீட்டுக்குக்கூடப் போகாமல், இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரத்தோடு மூன்றாவது கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினார். இடுப்புயரத்தில் கதவின் குறுக்கே போகிற தடித்த கம்பி அது. ஊன்றினால் இன்னும் இறுகும். முழங்கையால் மேலே தூக்கினால் மட்டுமே திறக்கும்.

அருந்ததி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஒரு சத்தமும் இல்லை. சிவபாதசுந்தரத்தின் கை தானாகக் கதவுக்குப் போனது.

"ஐயா, கைய எடுங்க," என்றார் ஸாலிஹ். "அவங்க தொறக்கட்டும்."

கதவு அசைந்தது. அருந்ததி கொசுவத்தை இடது கையில் பிடித்தபடி, கம்பியில் ஊன்றி நின்று, வலது முழங்கையால் அதைத் தூக்கித் திறந்துகொண்டு இறங்கினார். திரும்ப ஏறினார். பன்னிரண்டு தரம் அப்படி இறங்கியபின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"போதும். ஞாயிறு போவம்," என்றார் கணவரிடம். "நீங்கள் ஆறுதலா இளநீர் குடிக்கலாம்."

அவர்கள் தேநீர் போட மேலே போனார்கள். பன்னிரண்டு ஸாலிஹுக்குப் போதவில்லை. கரவனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். இடது கையால் சாரத்தை அள்ளிப் பிடித்துக்கொண்டு, வலது முழங்கையால் கம்பியைத் தூக்கி இறங்கினார்.

பதின்மூன்று.