சகலன் வீட்டை விட ஒரு யன்னல் கூட

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அப்போது மட்டக்களப்பு நகரத்தில், புளியந்தீவிலே ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். குடியிருந்தது வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்து ஊரொன்றில். அது என் மனைவியின் வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவான். நானும் அப்படி வந்தவன்தான். நல்ல கல்வீடு, வற்றாத கிணறு, சுற்றிவரத் தென்னை, வேலிக்கு அப்பால் வயல்வட்டை முழுக்க நெல். கலியாணமான புதிதில் என்னைப் பார்த்து ஊரே வயிறெரிந்தது. பொய் சொல்வானேன், எனக்கு அது நன்றாகவே இருந்தது.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. அதோடு வயிறெரிகிற முறை எனக்கு வந்தது.

என் மனைவியின் தங்கைக்கு என் மாமியார் சீதனமாகக் கொடுத்தது புளியந்தீவில் ஒரு பழைய வீடு. உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், தெருவைப் பார்த்த விறாந்தை. அந்த வீட்டின் சுகமெல்லாம் இப்போது அவள் புருசனுக்கு, என் சகலனுக்கு. அவர் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடம் ஒரு தெரு தள்ளி, ஆஸ்பத்திரி அடுத்த மூலையில், சந்தை, கோயில், அரசாங்கக் கச்சேரி எல்லாம் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் வருகிற தூரம். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு நடந்து போய்ச் சுடச்சுடச் சோறு தின்று, ஒரு கண் உறங்கி எழும்பி, பின்னேரம் வாவிக்கரையில் காற்று வாங்குவார். மனுசன் மீனைக் கூட ஈர்க்கிலில் கோத்து ஆட்டி ஆட்டி என் அலுவலக வாசலால்தான் கொண்டு போவார்.

நானோ விடிய எழும்பி, துறைக்கு வந்து, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, பாலத்தடியில் இறங்கி வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி வேலைக்கு வர வேண்டும். என் சோற்றுப் பார்சலை ஆமிச் சென்றியில் காவல் நிற்பவன் கம்பியால் குத்திப் பார்ப்பான். மத்தியானம் அந்தக் குத்துப்பட்ட சோற்றைத் தின்னும்போதெல்லாம் சகலனின் சுடுசோறு என் கண்ணுக்குள் ஆவி பறக்கும். அதைவிட ஒன்று. ஷெல் விழுகிற இடத்தில் என் இரண்டு பெண் பிள்ளைகள். அவருடைய பிள்ளைகள் மணிச்சத்தம் கேட்டு எழும்பிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகின்றன. நான் எரியாமல் வேறு யார் எரிவது?

அந்த நேரம் பார்த்து, சகலனின் தெருவிலேயே ஒரு பறங்கிக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போகிறது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். வெளியே நின்று பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சகலன் வீட்டு முகப்பில் இரண்டு யன்னல். இதற்கு மூன்று.

வேறு யாரும் முந்திவிடக் கூடாதே என்று அவதிப்பட்டு, என் பங்குக்கு வந்த மாட்டுப் பட்டியை அப்படியே விற்று, வீட்டை என் பெயரிலேயே எழுதி உறுதி முடித்தேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. திடீரென்று கூட்டிப் போய்க் காட்டினால் மகிழ்ந்து போவாள் என்று நினைப்பு. எங்கள் ஊரில் வேறு எந்த ஆம்பிளையும் செய்யாத மடத்தனம் அது.

அவளுக்கு விஷயம் தங்கை வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் அன்று வீட்டுக்குள் கால் வைத்ததுமே தொடங்கினாள்.

"தங்கச்சி சொல்லி அனுப்பியிருக்காள், அக்காட புது வீடு நல்ல வடிவாம். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஆருக்கு வாங்கின நீங்க?"

"உனக்கும் புள்ளைகளுக்கும்தான்."

"எனக்கெண்டா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பீங்க. இது தங்கச்சிட புருசனுக்குக் காட்ட வாங்கின வீடு. ஆம்பிளைக்கு என்னத்துக்கு வீடு? போய் நீங்களே இருங்க. என்ட வீடு இஞ்ச இருக்கு."

கெஞ்சிப் பார்த்தேன், சத்தம் போட்டும் பார்த்தேன். அசையவில்லை. அவள் தாய் கொடுத்த வீடு அது. ஷெல்லுக்கே அசையாதவள் எனக்கா அசைவாள்?

அடுத்த கிழமை, புது வீட்டைக் கூட்டிக் கழுவுவதற்காக நகரத்தில் ஒரு நாள் தங்கினேன். மறுநாள் காலை துறையை மூடிவிட்டார்கள். அக்கரையில் பெரிய சண்டை என்றார்கள். யன்னலைத் திறந்தால் அந்தப் பக்கத்திலிருந்து இடி மாதிரிச் சத்தம் வந்தது.

நான் நடக்கத் தொடங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் காயக்காரர்கள் யாராவது எங்கள் ஊரிலிருந்து வந்தார்களா என்று கேட்டேன். கச்சேரியில் கேட்டேன். கோயிலில், தேவாலயத்தில், சந்தையில் மரக்கறி விற்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கேட்க வேண்டிய எல்லா வாசலும் பக்கத்திலேயே இருந்ததால் கேட்டு முடிக்க அதிக நேரமும் எடுக்கவில்லை. திரும்பி வந்து அந்தப் பெரிய விறாந்தையில் குந்தினேன். சகலன் வீட்டிலிருந்து பிள்ளைகள் வாய்விட்டுப் பாடம் படிக்கிற சத்தம் கேட்டது. கடவுளே, என் வாழ்நாளில் ஒரு மனிதனைப் பார்த்து அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. அதற்கு முன்னால் சுடுசோற்றுப் பொறாமையெல்லாம் வெறும் விளையாட்டு.

அவர் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தார். தின்றுவிட்டேன் என்று பொய் சொன்னேன். மனுசன் போகாமல் நின்று, "அண்ணன், நாளைக்கு ரெண்டு பேரும் சைக்கிள்ல துறையடிக்குப் போவம்" என்றார். போனோம். அடுத்தடுத்த நாட்களும் போனோம். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வெயிலில் நின்றார். ஒரு நாள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்ணன், கோவிக்கப்படா. நீங்க அந்த வீட்ட வாங்கினதில இருந்து எனக்கு ஒழுங்கா நித்திரை இல்ல. மூண்டு யன்னல். காத்து எப்பிடி வரும்!" அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதேன்.

கடைசியில் துறை திறந்தது. முதலில் வந்த பாதையில் அவர்கள் இல்லை. இரண்டாவதில், சனத்துக்கு நடுவே, ஒரு கையில் மூட்டையும் மறு கையில் சின்னவளுமாக என் மனைவி. மூத்தவள் தலையில் ஒரு பானை. ஓடிப் போய் மூட்டையை வாங்கினேன். ஊர் எப்படி என்று கேட்டதற்கு, "கூரை போச்சு" என்றாள்.

இனி நம் வீட்டுக்குத்தானே வருவாள் என்று நான் முன்னால் நடக்கிறேன். அவள் என் வீட்டு வாசலைத் திரும்பியும் பாராமல் தாண்டி, நேரே தங்கை வீட்டுக்குள் போய்விட்டாள்!

இப்போது நிலைமையைப் பாருங்கள். சகலனின் மனைவி, சகலனின் பிள்ளைகள், என் மனைவி, என் பிள்ளைகள் எல்லாரும் இரண்டு யன்னல் வீட்டில். நான் மூன்று யன்னலுக்குள் தன்னந்தனியாக. சாப்பாட்டு நேரம் அங்கே போய் விருந்தாளி மாதிரி இருந்து தின்றுவிட்டு வருவேன். சின்னவள் "அப்பா, நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்பாள். ஆனால் ஒன்று, சோறு சுடச்சுட இருந்தது.

இப்படி ஒரு கிழமை போனது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உறுதி எழுதுகிற நொத்தாரிசின் கந்தோரும் நடக்கிற தூரம்தானே, போய் வீட்டை மனைவியின் பெயருக்கு மாற்றி எழுதினேன். தங்கை வீட்டு அடுப்படிக்குப் போய் அவள் கையில் சாவியைக் கொடுத்தேன்.

"உன்ட வீடு. வந்து பார். புடிக்கல்லெண்டா வித்துப் போடு."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் வெளியே நின்றேன். ஒவ்வோர் அறையாகப் போனாள். கதவுகளை இழுத்துப் பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள், மேலே கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"முகப்புக்கு மூண்டு யன்னல். பொம்பிளை நிண்டு சமைக்கிற இடத்தில ஒண்டும் இல்ல. இதப் பாக்காமலா வாங்கின நீங்க? இஞ்ச ஒரு யன்னல் வெட்டணும்."

"நாளைக்கே ஆள் கூட்டிக்கொண்டு வாறன்."

"மறுகா வெட்டலாம். இப்ப தங்கச்சிட்டப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வாங்க. குடிபூரப் பால் காய்ச்சணும்."

ஒரு பட்டி மாடு வைத்திருந்தவன் நான். அதை விற்று வாங்கிய வீட்டில் காய்ச்சுவதற்குப் பால் இல்லாமல், சகலன் வீட்டு வாசலில் போய் நின்று ஒரு செம்புப் பால் கேட்டேன். அவர்தான் கொண்டுவந்து தந்தார். வாயெல்லாம் பல்லு. "இன்னும் வேணுமா அண்ணன்?" என்று வேறு கேட்டார். செம்பைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். ஊரில் அவள் விட்டுவிட்டு வந்த வீட்டிலிருந்து மூத்தவள் தலையில் சுமந்து வந்த அந்தப் பானையில்தான் பால் பொங்கியது. அப்போதுதான் என் மனைவி அழுதாள்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் அந்த வீட்டை அவள் பெயர் சொல்லிக் கேட்டால்தான் காட்டுவார்கள், என்னை யாரும் மதிப்பதில்லை, அதில் எனக்கு இப்போதும் கொஞ்சம் எரிச்சல்தான்; ஆனால் வேலை முடிந்து நடந்து வந்து வாசலில் கால் வைக்கும்போது அடுப்படி யன்னலிலிருந்து "வந்திட்டீங்களா?" என்று ஒரு குரல் கேட்கும் பாருங்கள், அந்த நேரத்தில் இந்த உலகத்தில் யாரைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்ததில்லை.