பெற்றிசியாவின் ஐந்து பேர்

பெற்றிசியாவுக்கு எதிராகக் கை தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது.

அவள் எனக்கு வேறு ஆளும் இல்லை. என்னுடைய அய்யாவும் அவளுடைய அய்யா அந்தோனிமுத்துவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தோனிமுத்துச் சித்தப்பா கரைவலைக்கு மண்டாடியாக இருந்தவர். மீன் கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கரையில் நின்று பார்த்துத் துணியை வீசுவார். வள்ளத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்து வலையை வளைப்பார்கள். வாய் திறந்து கத்தமாட்டார். கடல் இரைச்சலில் கத்தி என்ன பிரயோசனம்? அவருக்கு ஆறு பெண்கள். கடைசிக்கு முந்தினவள் பெற்றிசியா. தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று நின்று அந்தத் துணி வீச்சைப் பழகிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஒரு கூடைப்பந்துத் தளம் இருக்கிறது. அறுபத்தெட்டாம் ஆண்டு ஒரு பங்குச் சுவாமியார் சீமெந்து போட்டுக் கட்டுவித்தது. எழுபத்திரண்டில் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் மன்னார் முழுவதையும் வென்றார்கள். அந்த டீமில் ஆகக் கட்டையான ஆள் பெற்றிசியா. அந்த விளையாட்டை வேலியில் ஏறி இருந்து பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் என் கூட்டாளி அபூசாலி நானா. வேலி முறிந்து இரண்டு பேரும் விழுந்தோம்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறில் சண்டை மூண்டபோது பெற்றிசியா தன் இரண்டு ஆண் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனாள். அதே வருடம் முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் வெளியேறச் சொன்னதால், அபூசாலி நானாவின் ஆட்களும் ஒரு பையோடு புத்தளம் போக வேண்டி வந்தது. பெற்றிசியா மண்டபம் அகதி முகாமில் இருபது வருடம் இருந்தாள். அங்கே பீப்பாய் வளையம் ஒன்றை வேப்பமரத்தில் கட்டி, முகாம் பிள்ளைகளுக்குப் பந்து போடப் பழக்கினாளாம். இரண்டாயிரத்துப் பத்தில் திரும்பி வந்து என் மைத்துனன் சீவரத்தினத்தின் கருவாட்டு வாடியில் கூலிக்கு மீன் வெட்டினாள். அந்த வாடிக் கருவாடு காய்ந்தது எங்கே என்றால், அந்தக் கூடைப்பந்துத் தளத்தில். ஊரில் அதைப் போல ஒரு சீமெந்துத் தரை வேறு இல்லை.

ஒரு நாள் அவள் சீவரத்தினத்திடம் போய், கருவாட்டை எடுக்கச் சொன்னாள்.

"எடுத்து எங்க காயப் போடுறது? உன்ர தலையிலயோ?" என்றான் அவன்.

"என்ர தலையில போடு. ரிங்குக்குக் கீழ போடாத."

"உனக்குக் கூலி வாறதே இந்தத் தரையாலதான், தெரியுமோ?"

"தெரியும். அதுக்காகத் தரை உனக்குச் சீதனமாக வந்ததெண்டு சொல்லாத."

அடுத்த நாள் பின்னேரம் ஒரு பழைய பந்தைக் கொண்டுவந்து, காய்கிற நெத்தலிக்கு நடுவில் தட்டித் தட்டி நடந்தாள். நெத்தலி எல்லாம் துள்ளிப் பறந்தது. ஊரே நின்று சிரித்தது. மூன்றாம் நாள் சீவரத்தினம் பாயைச் சுருட்டினான். ஆனால் இன்று வரைக்கும் அவளோடு முகம் கொடுத்துப் பேசமாட்டான்.

சாம்பலும் மணலும் போட்டு இரண்டு கிழமை தேய்த்தும் மணம் போகவில்லை. அந்த மணத்துக்குள் ஐந்து பிள்ளைகளைச் சேர்த்தாள். மார்த்தா என் மனைவியின் தங்கை திரேசம்மாவுக்குப் பேத்தி. வன்னியில் ஷெல் விழுந்து அவளுக்கு வலது காது போய்விட்டது. நல்ல உயரம். உம்மு ஸல்மா அபூசாலி நானாவின் பேத்தி. அவள் பிறந்தது புத்தளத்தில்; இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பம். தலைத்துணியும் நீளக் காற்சட்டையுமாக ஓடுவாள், ஒருவரும் பிடிக்க முடியாது. மற்ற மூன்று பேரும் எங்கள் கரையில் வலை பின்னும் வீட்டுப் பிள்ளைகள்.

மார்த்தாவுக்கு வலப்பக்கத்தில் இருந்து கூப்பிட்டால் கேட்காது. அதனால் ஐந்து பேரும் கத்தாமல் விளையாடப் பழகினார்கள். ஒரு கை தட்டு, ஒரு விரல், அவ்வளவுதான். பெற்றிசியா கோட்டுக்கு வெளியே நின்று சிவப்புத் துவாயை வீசுவாள். தகப்பன் மீனுக்கு வீசியது போலவே.

முதல் வருடம் மன்னார்ப் போட்டிக்குப் போய் ஐம்பத்தெட்டுக்கு ஏழு என்று தோற்று வந்தார்கள். அடுத்தது நாற்பத்தொன்பதுக்குப் பதினொன்று. மன்னார்ப் பெடியள் "கருவாட்டு டீம்" என்று பெயர் வைத்தார்கள். பெற்றிசியா அந்தத் தோல்விகளைத் தளத்துச் சுவரில் கரித்துண்டால் பெரிதாக எழுதிவைத்தாள். திருநாளுக்கு வெள்ளை அடிக்க வந்தவர்களை அந்த இடத்தில் தூரிகை வைக்க விடவில்லை.

ஊருக்கு வெட்கமாகிவிட்டது. எட்வேட் மாஸ்டர்தான் எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர். லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களோடு பேசி, கொழும்பில் இருந்து காமில் என்ற பெரிய கோச் ஒருவரை ஒழுங்குபடுத்திவிட்டார். நாட்டுக்காக விளையாடியவர், பிறகு பழக்கியவர், பேப்பரில் படம் வந்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் கூடினோம். கமிட்டியில் ஐந்து பேர். மாஸ்டர், சீவரத்தினம், கோயில் மூப்பர், நான், பெற்றிசியா.

"அவர் வந்தால் நாலு பேர் எங்களைத் திரும்பிப் பார்ப்பினம். தளத்துக்கு லண்டன் ஆக்கள் லைற் போட்டுத் தருவினம். பிள்ளையள் தானாய் வந்து சேரும். அவர் கை வைச்ச டீம் தோத்ததே இல்லை" என்றார் மாஸ்டர்.

"தோத்ததே இல்லையோ?" என்று கேட்டாள் பெற்றிசியா.

"இல்லை பிள்ளை. அதுதானே பெருமை."

"அப்ப அவர் எங்களுக்குச் சரிவரமாட்டார் மாஸ்டர். எங்களுக்கு இன்னும் ரெண்டு மூண்டு வருசம் தோக்க வேண்டிக் கிடக்கு. தோத்துப் பழக்கமில்லாத மனிசன் என்ன செய்வார்? தன்ர பேரைக் காப்பாத்த வெளியில இருந்து பிள்ளையளைக் கொண்டுவருவார். என்ர அஞ்சும் தண்ணிப் போத்தல் தூக்கிக்கொண்டு நிக்கும்."

சீவரத்தினம் சிரித்தான். "தோக்கிறதுக்கு ஒரு கோச். நல்ல உத்தியோகம்."

நானும் சும்மா இருக்கவில்லை. "ஊர்ப் பேர் வந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே பிள்ளை" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணை, எழுபத்திரண்டில வேலி முறிய முறிய இருந்து பாத்தனீங்கள். அண்டைக்கு ஊர்ப் பேர் போட்ட சட்டைக்குள்ள நிண்டது ஆர்?"

"நீங்கள்தான்."

"கொழும்பில இருந்து வந்தவையோ?"

மாஸ்டர் கை தூக்கச் சொன்னார். நானும் தூக்கினேன். நாலுக்கு ஒன்று. காமில் வருவதாக முடிவாயிற்று.

அவர் வந்தது ஆடி மாதம், சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற நேரம். பாண்ட் வாத்தியம் வைத்திருந்தோம். மாலை போட்டோம். வான் வண்டியில் இருந்து அவரோடு ஐந்து பெண் பிள்ளைகளும் இறங்கினார்கள். எல்லோரும் நெடுத்த பிள்ளைகள். பெற்றிசியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பாண்ட்காரரைப் பார்த்தேன்.

காமில் நல்ல மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஐந்து பேரும் விளையாடுவதை வெயிலில் நின்று பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார்.

"மாஸ்டர், எனக்கு ஒரு சீசன்தான் தந்திருக்கீங்க. இந்த உயரமான பிள்ளையை எடுக்கிறேன். மத்த நாலு பேரும் இந்த வருஷம் பெஞ்சில இருந்து பாத்துப் படிக்கட்டும். மத்த இடத்துக்கு நான் கூட்டிவந்த பிள்ளைங்க இருக்காங்க."

காமில் மார்த்தாவின் கேட்காத காதுப் பக்கம் நின்றதால் அவளுக்கு விளங்கவில்லை. உம்மு ஸல்மா அவளுடைய கையைத் தொட்டு, விரலால் ஏதோ காட்டினாள். மார்த்தா காமிலிடம் வந்தாள்.

"சேர், நான் ஆரோட விளையாடுறது?"

"என்ட பிள்ளைங்களோட."

"அவை கூப்பிட்டா எனக்குக் கேக்காது."

"அவங்க பழகிப்பாங்க மகள்."

"இவை பழகிட்டினம்" என்றாள் மார்த்தா. சொல்லிவிட்டு மற்ற நாலு பேரோடும் போய் நின்றுகொண்டாள்.

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "பிள்ளையள், தளத்தை விட்டு வாங்கோ. சேர் தன்ர ஆக்களைப் பழக்க வேணும்."

"இப்ப நாலு மணி. இது எங்கட நேரம்" என்றாள் பெற்றிசியா. "நெத்தலிக்கே விட்டுக் குடுக்காத தரை மாஸ்டர் இது. வானில வந்தவைக்கு விடுவனோ?"

பாண்ட்காரர்கள் கூடச் சிரித்துவிட்டார்கள். காமிலும் சிரித்தார். "சரி அக்கா. பத்து நிமிஷம். உங்கட அஞ்சு, என்ட அஞ்சு. பாத்துக்கொள்ளுவம்."

தொடங்கியதும் எங்களுக்கு வந்த சந்தோசத்தைக் கேட்கக் கூடாது. கொழும்புப் பிள்ளைகள் தூர நின்று எறிந்த பந்தையெல்லாம் சோளகம் கொண்டுபோய் மதிலுக்கு அங்காலே போட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் காற்று பழக்கம். பெற்றிசியா துவாயை இடப்பக்கம் வீசினாள், மார்த்தா இடப்பக்கம் பாய்ந்தாள். ஒரு சத்தம் இல்லை. ஆறுக்குப் பூச்சியம். மூப்பர் துள்ளிக் குதித்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் காற்று விளங்கிவிட்டது. கிட்ட வந்து போடத் தொடங்கினார்கள். முதல் ஆறும் எங்களுடையது, அதற்குப் பிறகு விழுந்த பதினெட்டும் அவர்களுடையது.

விசில் ஊதியது. காமில் பெற்றிசியாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, இவங்களை வச்சு இந்த வருஷம் எனக்கு வெல்ல ஏலாது. உங்களுக்கு ஏலுமா?"

"ஏலாது."

"அடுத்த வருஷம்?"

"அதுவும் ஏலாது."

"பிறகு எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"மூண்டாம் வருசம் நீங்கள் இருக்கமாட்டீங்கள் சேர். நான் இருப்பன்."

மாஸ்டர் இடையில் புகுந்தார். "கமிட்டி எடுத்த முடிவு முடிவுதான் பிள்ளை."

"அப்ப இன்னொருக்காக் கை தூக்குங்கோ. கோயில் மண்டபத்துக்குள்ள இருந்து தூக்கினது காணாது. இஞ்ச, இந்தப் பிள்ளையளின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு தூக்குங்கோ."

ஐந்து பேரும் வேர்வை வழிய எங்களுக்கு நேரே வந்து நின்றார்கள். மாஸ்டர் கை தூக்கினார். சீவரத்தினம் தூக்கினான். அவனுக்கு நெத்தலிக் கோபம். மூப்பர் நிலத்தைப் பார்த்தார். எனக்கு நேரே நின்றது உம்மு ஸல்மா. அபூசாலி நானாவின் அதே மூக்கு, அதே முறைப்பு. எனக்குக் கை எழும்பவில்லை. வீரம் என்று நினைக்காதீர்கள். எழும்பவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தில் இரண்டு கைதான்; கமிட்டி முடிவு அதோடு விழுந்தது. காமில் கோபிக்கவில்லை. ஆனால் வானில் ஏறும்போது சொன்னார், "நீங்க செய்றது பிழை அக்கா. மூணு வருஷத்துல இவங்கள்ல பாதிப் பேர் கலியாணம் கட்டிப் போயிடுவாங்க."

"கட்டட்டும் சேர். புருசன்மாரையும் கூட்டிக்கொண்டு வரட்டும், பந்து பொறுக்க."

அவர் சிரித்தபடி சீவரத்தினத்திடம் ஒரு கிலோ பாரைக் கருவாடு வாங்கிக்கொண்டு போனார். அவர் திரும்பிப் போகும்போது பாண்ட்காரரை ஊதச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்த வருடம் அதே ஐந்து பேரும் போனார்கள். நாற்பத்தொன்றுக்குப் பத்தொன்பது என்று தோற்றார்கள். சுவரில் ஏறியது. லண்டன் ஆட்கள் கோபித்துக்கொண்டார்கள். லைற் வரவில்லை. மாஸ்டர் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. அடுத்த வருடமும் தோல்வி, முப்பத்தெட்டுக்கு இருபத்தாறு.

மூன்றாம் வருடம் வந்தது. காமில் சொன்னது போல ஒருத்தி கலியாணம் கட்டியிருந்தாள். பெற்றிசியா சொன்னது போல அவளுடைய புருசன் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கினான். போட்டி அன்றைக்கு நான் மன்னாருக்குப் போய், எழுபது வயதில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி நிமிடம் வரைக்கும் முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. பிறகு மன்னார்ப் பிள்ளைகள் ஒரு பந்து உள்ளே போட்டார்கள். முப்பத்துமூன்று. விசில் ஊதிவிட்டது.

மதிலில் இருந்த பெடியள் கூக்காட்டினார்கள். "கருவாட்டு டீம்! கருவாட்டு டீம்!"

எங்கள் பிள்ளைகள் அழவில்லை. பெற்றிசியா சிவப்புத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு மதிலடிக்குப் போனாள். நான் பயந்துபோனேன், ஏதாவது எடுத்து எறியப்போகிறாளோ என்று. அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"ஓமடா தம்பியவை, கருவாடுதான். காய இன்னும் ரெண்டே ரெண்டு வெயில்தான் மிச்சம்."

அடுத்த நாள் திங்கட்கிழமை நான் தளத்துப் பக்கம் போனபோது, உம்மு ஸல்மா சுவரில் புதுக் கணக்கை எழுதிக்கொண்டு நின்றாள். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுத இடம் விட்டிருந்தாள். நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஐந்து பேரும் வந்திருந்தார்கள்.