என் பெயருக்கு வராத வரி

குன்னூரில் தபால்காரர் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இலங்கையில் நாங்கள் இருந்த தோட்டத்தில் எனக்கு வரும் கடிதமும் ஆபிஸ் பையில் வந்து, "டீமேக்கர் ஐயா வீட்டுக்கு" என்றுதான் கைமாறும். இங்கே நாங்கள் குடியேறிய லைன் வீட்டு வாசலில் ஒருநாள் காலை, "ராஜாமணி! இன்கம்டாக்ஸ்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல். பக்கத்து வீட்டு ராஜாமணி கோயம்புத்தூர்க்காரி, தேயிலை ஏலம் நடத்தும் கம்பெனியில் கணக்கு எழுதுபவள், என் வயதுதான். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். "பாருங்க, இந்த வருசமும் வந்துருச்சு சனியன்" என்று என்னிடம் சலித்துக்கொண்டாள். துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. பிறத்தியாள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் ஒருத்திக்கு வந்த வரிக் காகிதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். அங்கே என் கணவர் தோட்டத்து டீமேக்கர், அதாவது தேயிலை ஆலையின் பொறுப்பாளர்; நான் அதே தோட்டத்து ஆபிஸில் சுருக்கெழுத்து டைப்பிஸ்ட். இருவருக்கும் தனித்தனிச் சம்பளம். ஆனால் கல்யாணம் ஆன பிறகு வரிக்கு நாங்கள் ஒரே ஆள். என் சம்பளத்தை அவருடையதோடு கூட்டி, அவர் பெயரில்தான் வரி போடுவார்கள். ஒருமுறை கண்டி வரி ஆபிஸுக்கு அவரோடு நானும் போனேன். அந்தச் சிங்கள அதிகாரி மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பிறகு என் கணவரைப் பார்த்து, "நோனாவுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டார். நோனா என்றால் அம்மணி. அந்த நோனா எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்று அது எனக்கு உறைக்கவில்லை. கல்யாணம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கப்பலேறி வந்த பிறகு, இந்த நாட்டில் புருசனுக்கும் பெண்சாதிக்கும் வரி தனித்தனி என்று ராஜாமணி சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் நாங்கள் சின்னதாக ஒரு தேயிலை வியாபாரம் தொடங்கியிருந்தோம். தூளை ருசி பார்த்துக் கலப்பது அவர். கடிதம், பில், வசூல், சமவெளிக் கடைக்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நான். எனக்கென்று மாதச் சம்பளமும் கணக்கில் எழுதினார். இந்த வருசம் எனக்கும் வாசலில் ஒரு குரல் வரும் என்று ஆசையோடுதான் அவருடன் ஆடிட்டரிடம் போனேன்.

ஆடிட்டர் கணக்கைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "அம்மா சம்பளம் தனியா வராதுங்க. ஐயா வருமானத்தோடதான் சேரும்."

"ஏன்? நான் வேலை செய்யலியா?"

"செய்யறீங்க, யாரு இல்லைன்னா? ஆனா ஊட்டுக்காரர் யாவாரத்துல செய்யறீங்க. வரியக் குறைக்கறதுக்காகச் சும்மா பேருக்குச் சம்பளம் எழுதறாங்கன்னு கவர்மெண்ட்டு நெனைக்குது. டாக்டர் மாதிரி தொழிற்படிப்புப் படிச்சு, அதனால வர்ற சம்பளம்னா வேற. டைப் அடிக்கறதுக்கு அது ஆகாதுங்க."

"அப்ப என்னோட சல்லிக்குக் கணக்கே இல்லியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சல்லியா? தேயிலை யாவாரம்னுதானுங்க சொன்னீங்க? சல்லி, மணல் காண்ட்ராக்டும் இருக்குதுங்களா? அதையும் காட்டோணுமே."

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அங்க காசத்தான் சல்லின்னு சொல்லுவோம்ங்க" என்று விளக்கம் வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலைத் தாண்டி வந்தும் நான் அவர் கணக்கிலேயே ஒரு வரியாகக் கிடந்தேன்.

அதன் பிறகு ராஜாமணியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குத்தல். குடையோடு அவள் தனியாக இறங்கிப் போகும் நடை, சம்பள நாளில் வாங்கிவரும் வர்க்கி, எதுவும் பொறுக்கவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன். "உங்க ஆபிஸ்ல எனக்கு ஒரு வேலை கிடைக்குமா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்கா? நாளெல்லாம் ஊட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து, ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சுக்கிட்டு வேலை செய்யறீங்க. என்ற ஊட்டுக்காரரு தெப்பக்காட்டுல காட்டிலாகா வேலை. மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் பெருசு. உங்க ரெண்டு பேரு சத்தம் செவுத்துக்கு இந்தப் பக்கம் கேக்கறப்ப எனக்கு எப்படி எரியும் தெரியுமாங்க? எங்களுக்கு வரியும் தனி, அடுப்பும் தனி."

அவள் சொன்னது என்னைச் சுட்டது. ஆனாலும் என் எரிச்சல் தணியவில்லை. அவள் நல்லவள், மேலாளரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டில் என் கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆபிஸைக் கந்தோர் என்றுதான் இன்னும் சொல்வார். பிறகு கேட்டார். "நம்ம கந்தோர விட்டுட்டு அடுத்தவன் கந்தோருக்கு டைப் அடிக்கப் போறியா? வரி கட்டணும்னு ஆசைப்பட்டு எவளாவது வேலை தேடுவாளா?"

"நான் தேடுறேன்" என்றேன்.

என் இடத்துக்கு அவர் கூடலூரிலிருந்து வந்த ஒரு பெண்ணை வைத்தார். மலையாளம் கலந்த தமிழ் பேசும், கெட்டிக்காரப் பெண். சாயங்காலம் வேலை விட்டு வருகையில், வழியிலிருக்கும் எங்கள் தேயிலைக் கடைக்குள் டைப் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். என் மெஷின். அவள் விரல்கள் என்னைவிட வேகம். அந்தச் சத்தத்தைத் தாண்டி வீட்டுக்குப் போக ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் வருமானம் இரண்டாகப் பிரிந்ததில் எங்கள் மொத்த வரி குறைந்தது. அதைச் சொன்னபோது, "குறைஞ்சது வரி மட்டுமா?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் வருசத்து வரிப் படிவத்தை நானே டைப் அடித்தேன். என் பெயருக்குக் கீழே தகப்பனார் அல்லது கணவர் பெயர் கேட்டிருந்தது. காளிமுத்து என்று அடித்தேன், என் அப்பாவின் பெயரை. எட்டிப் பார்த்த என் கணவர், "என் பேரு இல்லியா?" என்றார். குரலில் கோபமில்லை, பிள்ளை கேட்பது போல இருந்தது.

"அங்க இருந்த வரைக்கும் உங்க பேர்லதானே கட்டினேன்" என்றேன். அவர் எனக்குத் தேநீர் கலக்கப் போனார்.

இந்தியாவும் இலங்கையும் தோட்டத் தமிழர்களான எங்களைப் பங்கு போட்டபோது அப்பாவுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, எங்களுக்கு இந்தியா. ஹட்டன் ஸ்டேசனில் ரயில் நகரும்போது, "அங்க எனக்கு யாரு இருக்கா? நீங்க போங்க" என்றார். இந்த மண்ணை அவர் மிதித்ததே இல்லை, இனி மிதிக்கவும் மாட்டார். இந்த அரசாங்கத்தின் ஏதோ ஓர் அலமாரியில், மழைக்காலத்து ஈரத்தில் நமுத்துப்போன காகிதத்தில், என் பெயருக்குக் கீழே அவர் இருக்கிறார். அதே நேரம் அந்தக் கரையில், வேறொரு நாட்டு மலைச் சரிவில், தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையில் நடந்துகொண்டிருப்பார்.