சுப்பராயலுவின் மண்வெட்டி

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சோரியாங்குப்பத்து எழிலரசன் இன்றும் அங்கேதான் இருக்கிறான். எத்தனை முறை கேட்டாலும், அன்று நடந்ததில் நேரம் உட்பட ஒன்றையும் மாற்றிச் சொல்வதில்லை. சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

அவன் தாத்தா சுப்பராயலுவுக்குத் தொண்ணூற்றொரு வயது. பன்னிரண்டு வயதில் பிடித்த மண்வெட்டியை அவர் கீழே வைத்ததே இல்லை. முள்ளும் மேடுமாகக் கிடந்த ஒன்றரைக் காணியைத் தனியாளாக வெட்டிச் சமன் செய்து நெல் விளைய வைத்தவர். தன் கல்யாணத்தன்று விடியற்காலையில்கூட வயலுக்குப் போய் மடை திருப்பிவிட்டு, சேற்றுக்காலோடு மணவறையில் வந்து உட்கார்ந்தவர். மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகும் காலை ஐந்து மணிக்கு வயலில்தான் இருப்பார்.

அதுதான் எழிலரசனுக்கு வினையானது. டீக்கடையில் ஒருவன் எல்லார் காதிலும் விழச் சொன்னான்: "தாத்தாவ சேத்துல எறக்கிட்டு பேரன் பைக்ல சுத்துறாரு. குடுத்து வச்ச வம்சம்பா."

மறுநாளே மண்வெட்டியை, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டாயில் சாக்குகளுக்கு அடியில் ஒளித்துப் பூட்டினான். இருந்தது ஒரே சாவி. அது அவனிடம்.

"என் மம்பட்டி எங்கடா?"

"வீரமணி மாமா வாங்கினு போயிருக்காரு தாத்தா."

வாய்க்கு வந்த பெயர் அது. வீரமணி வீடு பாகூர் ஏரிக்கரைப் பக்கம். உச்சி வெயிலில் பெரியவர் நடந்தே போனார். வீடு பூட்டியிருந்தது. அறுவடை மெஷின் ஓட்ட வீரமணி தஞ்சாவூர் போயிருந்தார். திரும்பும் வழியில் வரப்பில் விழுந்த பெரியவர் எழுந்திருக்கவே இல்லை.

'இந்த வெயிலில் அங்கே எதற்குப் போனார்?' என்று எல்லோரும் கேட்டார்கள். எழிலரசனும் அவர்களோடு சேர்ந்து கேட்டான்.

பதினாறாம் நாள் காரியம். இறந்தவர் புழங்கிய பொருள்களைப் படையலில் வைக்க வேண்டும். வேட்டி வந்தது, வெற்றிலைப் பை வந்தது. மண்வெட்டியைக் காணோம். அம்மா வீட்டையே புரட்டிக்கொண்டிருக்க, எழிலரசன் கொல்லைப் பக்கமாக மோட்டார் கொட்டாய்க்கு நழுவினான்.

மணி 12.20. மோட்டார் ஓடவில்லை. சுற்றிலும் ஆள் இல்லை. சாவியை எடுத்தான்.

சரக்...

உள்ளேயிருந்து. ஈர மண்ணை வெட்டும் சத்தம்.

சரக்... சரக்...

கொட்டாயின் தரை சிமென்ட்.

பூட்டைத் திறந்தான். சத்தம் நின்றது.

யாருமில்லை. சாக்குகள் ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தன. மண்வெட்டி சுவரில் சாய்ந்து நின்றது. தகட்டில் சேறு... சொட்டிக்கொண்டிருந்தது.

பிடியைத் தொட்டான்.

சூடு.

இப்போதுதான் ஒரு கை அதை விட்டதுபோல.

வரப்பில் கிடந்தது என்று அம்மாவிடம் கொடுத்தான். அதுவும் பொய்.

படையல் முடியும் நேரத்தில் வீரமணி வந்தார். முகம் வெளுத்திருந்தது. எழிலரசனைத் தனியாக அழைத்துப் போனார்.

"நேத்து சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் ஊரு திரும்பினேன் எழிலு. வாசல்ல உங்க தாத்தா நின்னுனு இருந்தாரு. அவரு செத்த சேதியே எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

"இன்னா சொன்னாரு?"

வீரமணி படையல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"'மம்பட்டி உங்கிட்ட இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்பா. தெரிஞ்சுதான் இவ்ளோ தூரம் நடந்து வந்தேன். வூட்லயே தேடினு இருந்தா பேரன் மாட்டிக்குவான் இல்ல'ன்னாரு."